பேய்ப்பட ட்ரெய்லர்: கேமரா பற்றிச் சில கேள்விகள்

சொந்தமாகப் பேய்ப்பட ட்ரெய்லர் எடுக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலோரிடம் இருப்பது போன் கேமராதான் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இருட்டில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது அண்ணா. என்ன செய்வது?

இருட்டைக் காட்டவும் வெளிச்சம் வேண்டும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டால் போன் தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஏற்றிவிடும். அதனால் வருகிற புள்ளிகள்தான் அவை. ஒரே ஒரு விளக்கை ஆளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள். பாதி முகம் தெரியும், மீதி கறுப்பில் மறையும். அப்புறம் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, இறக்கி லாக் செய்யுங்கள். லாக் செய்யாவிட்டால், ஆள் நிழலுக்குள் போனதும் படம் வெளுத்துவிடும்.

கேள்வி: இரவில் வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள். பகலில் எடுத்து இரவாகக் காட்டலாமா?

தாராளமாக. சினிமாவில் இதை 'டே ஃபார் நைட்' என்பார்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, 3200 கெல்வினில் வைத்தால் பகல் வெளிச்சம் நீலமாக மாறும். எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கட்டும். தோளிலும் முடியிலும் மட்டும் ஒளி படுவதால் நிலா வெளிச்சம் போலவே இருக்கும். வானம் மட்டும் பிரேமுக்குள் வரவே கூடாது, அது காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: கேமரா ஆடிக்கொண்டே இருந்தால்தானே பயம் வரும்?

எனக்கு இதில் உடன்பாடில்லை. என் முதல் ட்ரெய்லரில் ஓடுகிற ஷாட்டுகளாகவே அடுக்கினேன். பார்த்தவர்களுக்கு யார் எங்கே ஓடுகிறார் என்றே புரியவில்லை, பயம் எங்கிருந்து வரும்?

ட்ரைபாடில் வைத்து இப்படி ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். ஒரு பெண் பிரேமின் இடது ஓரத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். வலது பக்கம் முழுக்கக் காலி. தூரத்தில் பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. எட்டு விநாடி அப்படியே விடுங்கள். மூன்றாவது விநாடியிலேயே பார்ப்பவர் கண் கதவுக்குப் போய்விடும். அங்கே யாரும் வர வேண்டியதில்லை. கேமராவை முன்னால் நகர்த்துவதானால், நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக நகர்த்துங்கள். இந்த ஒரு ஷாட்டுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவானாலும் தகும்.

கையில் பிடித்து எடுப்பதை, ஓடும் இடத்துக்கு என்று ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேயை எந்த ஆங்கிளில் காட்டுவது?

ட்ரெய்லரில் காட்டவே வேண்டாம். அதைப் பார்க்கிறவர் முகத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: ஆள் அப்படியே இருக்க, பின்னணி மட்டும் பெரிதாகி நெருங்கி வருமே, அதைப் போனில் எடுக்க முடியுமா சார்?

அது டாலி ஜூம். 1958-இல் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படம் வந்தபிறகு பிரபலமானது. 4கே-யில் (1080-ஐப் போல அகலத்திலும் உயரத்திலும் இரு மடங்கு புள்ளிகள் உள்ள வீடியோ) எடுங்கள். ஆளிடமிருந்து 1 மீட்டரில் தொடங்கி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி 2 மீட்டர் வரை சீராகப் பின்னால் வாருங்கள். தூரம் இரட்டிப்பானால் ஆள் பாதியாகத் தெரிவார். எடிட்டிங்கில் 100 சதவீதத்தில் தொடங்கி 200 வரை பெரிதாக்கி, முகம் ஒரே அளவில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். 1080-இல் (ஃபுல் எச்டி) வெளியிட்டால் தெளிவு குறையாது. பின்னால் சுவரை ஒட்டி நிற்க வைக்காதீர்கள், நீளமான வராந்தா இருந்தால்தான் எடுபடும். நடிப்பவர் அசையாமல் நின்றால், அதே ஷாட்டைத் தலைகீழாக ஓட்டி, பின்னணி விலகிப் போவதாகவும் காட்டலாம்.

கேள்வி: ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரம்தான் காரணம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 விநாடி வையுங்கள். விநாடிக்கு 24 பிரேம் (படம்) வீதம் எடுக்கும்போது இரண்டுமே பொருந்தும்.

கேள்வி: ஷூட்டிங் அன்று மறக்கக் கூடாதது எது?

'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொன்ன பிறகும் ஐந்து விநாடி கேமரா ஓடட்டும். எடிட்டிங்கில் காட்சியை மெல்லக் கறுப்பாக மறைய வைக்க அந்த விநாடிகள்தான் உதவும். கிளம்புவதற்கு முன் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, காலி அறையின் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கதவு ஷாட்டுக்கு அடியில் போட அதுதான் வேண்டும்.