கூலியா, ஈவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முப்பது வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். தசமபாகம் தவறியதில்லை. என் அண்ணன் குடித்தே குடும்பத்தைக் குலைத்தவர். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனந்திரும்பி இறந்தார். அவர் பரலோகம் சேர்ந்தார் என்று குருவானவர் அடக்க ஆராதனையில் சொன்னார். இருவருக்கும் ஒரே பலன் என்றால் நான் பட்ட பாடு எதற்கு?
– வாசகி, நாசரேத்

பதில்: சகோதரி, இதை மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் கேட்டுவிட்டது நல்லது. மத்தேயு 20-ல் இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களும் இதையேதான் கேட்டார்கள்.

அங்கே வேலைநாள் 12 மணி நேரம். விடியற்காலையில் வந்தவர்களோடு ஒரு பணம் என்று கூலி பேசியாயிற்று. பிறகு காலை 9 மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் 3 மணிக்கும் ஆள் சேர்க்கிறார்கள். கடைசியாகப் ‘பதினோராம் மணி வேளை’, அதாவது மாலை 5 மணி. அந்தி சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே பணம். மணிக்கணக்குப் பார்த்தால் கடைசியில் வந்தவனுக்குச் சேர வேண்டியது பன்னிரண்டில் ஒரு பங்கு. தெனாரியம் என்ற அந்த வெள்ளிக்காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கையில் வைத்து அனுப்பினால் அன்று ராத்திரி அவன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாது.

கூலி கொடுத்த வரிசையையும் பாருங்கள். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். முறுமுறுப்பே எழுந்திருக்காது. பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொன்னதே மற்றவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். ‘சிநேகிதனே, நான் உனக்கு அநியாயம் செய்யவில்லை’ என்கிறார் எஜமான். அவர்கள் கையிலிருந்த காசில் ஒரு துளியும் குறையவில்லை. பக்கத்து ஆளின் கையைப் பார்த்த பிறகுதான் அது குறைவாகத் தெரிந்தது.

உங்கள் முப்பது வருடம் வீண் போகவில்லை. ஆனால் அது இரட்சிப்புக்குக் கட்டிய தவணையும் இல்லை. நாள் முழுக்கக் கடைத்தெருவில் சும்மா நின்றவனுக்கு அந்த நாளில் என்ன சுகம் இருந்திருக்கும்? இழந்தவர் உங்கள் அண்ணன்தான். அவர் மன்னிக்கப்பட்டார் என்பதால், அவர் வீட்டாருக்கு ஏற்பட்ட காயம் இல்லையென்று ஆகிவிடாது. அண்ணியும் பிள்ளைகளும் ஆற நாள் ஆகும். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: கிருபை இலவசம் என்றால் எப்படியும் வாழலாமா? கிரியைகளினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறதே, அது, விசுவாசத்தினாலே என்று சொல்லும் பவுலுக்கு எதிரானதா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இருவரும் கூப்பிடும் சாட்சி ஒரே ஆள், ஆபிரகாம். ஆனால் அவர்கள் காட்டும் நாள் வேறு வேறு.

பவுல் எடுப்பது ஆதியாகமம் 15:6. நட்சத்திரங்களைக் காட்டிச் சொன்ன வாக்கை ஆபிரகாம் விசுவாசித்தார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86. உடன்படிக்கையின் அடையாளச் சடங்கான விருத்தசேதனம் பெற்றபோது 99. ஆக, சடங்குக்குக் குறைந்தது 13 வருடம் முன்பே கணக்குத் தீர்ந்துவிட்டது. நீதியாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா என்று ரோமர் 4:10-ல் பவுல் எழுப்பும் கேள்வியும் இதுதான். யாக்கோபு முன்வைப்பது ஆதியாகமம் 22-ம் அதிகாரம், மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் துணிந்த நாள். கட்டை சுமந்து மலையேறும் வயதுக்கு ஈசாக்கு வளர்ந்த பிறகு நடந்தது. என்றோ பெற்ற விசுவாசம் மெய்யானது என்று அங்கே வெளிப்பட்டது. யாக்கோபு கண்டிக்கிற ஆளையும் கவனியுங்கள்: உடையில்லாமல் பட்டினியாக நிற்பவனிடம் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவன்.

எபேசியர் 2:8-10-ஐ வேற்றுமை உருபைப் பார்த்து வாசித்தால் குழப்பம் தீரும். ‘கிருபையினாலே’, ‘விசுவாசத்தைக்கொண்டு’. காரணம் கிருபை. விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே. அதையும் விலையாக எண்ணக் கூடாது. பிறகு ‘கிரியைகளினால் உண்டானதல்ல’ என்று ‘ஆல்’ உருபு மறுக்கப்படுகிறது. பத்தாம் வசனத்தில் ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு’ என்று ‘கு’ உருபு வருகிறது. நற்கிரியையால் இரட்சிப்பு வருவதில்லை. நற்கிரியைக்காகவே நாம் உண்டாக்கப்பட்டோம். இந்த ‘ஆல்’, ‘கு’ இரண்டையும் இடம் மாற்றிப் பிரசங்கிக்கும்போதுதான் சபையில் பாதிப் பேர் பயத்திலும் மீதிப் பேர் அலட்சியத்திலும் விழுகிறார்கள்.

கேள்வி: என் கத்தோலிக்கத் தோழி ‘மீட்பு’, ‘அருள்’ என்கிறாள். நாங்கள் ‘இரட்சிப்பு’, ‘கிருபை’ என்கிறோம். இரண்டும் ஒன்றா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒன்றேதான், மொழிபெயர்ப்பு வழக்கு மட்டும் வேறு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதனாலும் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று அதில் இருதரப்பும் சேர்ந்தே அறிக்கையிட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். வேறு விஷயங்களில் வேறுபாடு இன்னும் உண்டு. உங்கள் தோழியோடு அவற்றைப் பொறுமையாகப் பேசலாம்.

கேள்வி: மகன் பிழைத்தால் ஆலயத்துக்கு இரண்டு பவுன் தருவதாகப் பொருத்தனை பண்ணினேன். பிழைத்துவிட்டான். இப்போது தங்கம் விற்கிற விலையில் முடியவில்லை. என் இரட்சிப்புப் போய்விடுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: போகாது, ஐயா. பவுன் கொடுத்து வாங்காதது பவுன் கொடுக்காததால் போவதில்லை. மகன் பிழைத்ததும் அந்த இரண்டு பவுனுக்கு விலையாக அல்ல. ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே என்கிறது பிரசங்கி 5:4. முடியாத ஏழைக்கும் நியாயப்பிரமாணத்தில் வழி இருந்தது. ஒரு ஆளைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்ட பொருத்தனையில் குறித்த தொகையைக் கட்ட இயலாதவனை, அவன் திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 சொல்கிறது. அதே முறையில் உங்கள் குருவானவரிடம் நிலைமையைச் சொல்லி, தரக்கூடிய ஒரு தொகையை முடிவு செய்து, சிறுகச் சிறுகச் செலுத்துங்கள். இதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம்.