எந்தத் தாளில் பெயரை எழுதுவது

"அநீதியால் உறவை இழந்த ஒரு கிறிஸ்தவர், குற்றம் செய்தவர்கள் தண்டிக்கப்படாமலும் மன்னிப்புக் கேட்காமலும் இருக்கும்போது, அவர்களை மன்னித்துத்தான் ஆகவேண்டுமா? மன்னிக்க முடியாதவரின் செபம் கேட்கப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை நான் அறியேன். ஆனாலும் நல்லெண்ணம் கொண்ட யாரோ ஒருவர் உங்கள் கையைப் பிடித்து, "எல்லாம் ஆண்டவருடைய சித்தம், மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார் என்றும், அன்றிரவு உங்களுக்கு நித்திரை வந்திராது என்றும் நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் குருமடத்தில் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றில் பிறந்து வளர்ந்த, இப்போது 57 வயதான ஒருவன். இறையியல் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும்.

என் தம்பி 1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலை ரியூசனுக்கென்று சைக்கிளில் போனான். அவனுக்கு 19 வயது. வழியிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றில் அவனை இறக்கி வைத்திருந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். பின்னேரம் அம்மாவும் நானும் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவரும் அங்கே வரவில்லை என்றார்கள். அவனுடைய சைக்கிள் வேலியோடு சாத்தியபடி எங்கள் கண் முன்னே நின்றது. அன்று அவன் போட்டிருந்தது ஒரு வெள்ளைச் சேர்ட். அதன் இரண்டாவது தெறி முதல் நாள் இரவு அறுந்துபோக, வீட்டில் வெள்ளை நூல் இல்லாதபடியால் அம்மா கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஆண்டு குடாநாட்டில் இப்படி நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வீட்டில் அது அந்தக் கறுப்பு நூலாகவே நினைவிருக்கிறது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நவம்பர் 2ஆம் திகதி சகல ஆத்துமாக்களின் தினம். சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். அன்றைய பூசையில் இறந்தவர்களை நினைவுகூர, குடும்பங்கள் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கும். 1998இல் எங்கள் உறவினர் ஒருவர், அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, தம்பியின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பெயர்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டு வந்தபோது அவனுடைய பெயரும் வந்தது. அம்மா முழந்தாளில் இருந்து எழும்பினார். சத்தம் போடவில்லை. பூசை முடியும்வரை, கோயில் முழுவதும் முழந்தாளில் இருந்த வேளையிலும், அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய், "சுவாமி, அவன் செத்தவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். அந்தக் குருவானவர் ஒரு வார்த்தைகூடப் புத்திமதி சொல்லவில்லை. தாளை எடுத்தார், பேனையால் பெயரை வெட்டினார், வாழ்வோருக்கான வேண்டுதல்கள் எழுதப்படும் கொப்பியைத் திறந்து அதில் அவனுடைய பெயரை எழுதி, அம்மாவுக்குத் திருப்பிக் காட்டினார். அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் அந்தப் பேனைக்கு ஈடாகாது.

"ஆண்டவருடைய சித்தம்" என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மீது விமானத்திலிருந்து குண்டு போடப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் சிலர் இதையே சொன்னார்கள். மனிதர் திட்டமிட்டுச் செய்ததை ஆண்டவரின் தலையில் ஏற்றிவிட்டால், செய்தவரிடம் கணக்குக் கேட்க எவரும் மிஞ்சமாட்டார். ஆதியாகமத்தில் காயின் தம்பியைக் கொன்ற பின்னர் ஆண்டவர் முதலில் கேட்டது "உன் தம்பி எங்கே?" என்றுதான். எனக்குத் தெரியாது என்றான் காயின். சோதனைச் சாவடியில் எங்களுக்குக் கிடைத்த பதிலும் கிட்டத்தட்ட அதுவே. ஆண்டவர் அந்தப் பதிலோடு விட்டுவிடாமல், மண்ணிலிருந்து இரத்தம் தம்மை நோக்கிக் கூக்குரலிடுவதாகச் சொன்னார். ஆகவே காணாமற்போனவரைத் தேடிக் கேள்வி கேட்கும் தாயிடம் விசுவாசக் குறைவு இருப்பதாக எவர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளேன். அவர் கேட்பது ஆண்டவரே கேட்ட கேள்வி.

எங்கள் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த 18ஆம் நூற்றாண்டில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் நாங்கள் இன்றும் இராகத்தோடு வாசிக்கிறோம். மகனைப் பறிகொடுத்த மாதாவின் துயரத்தில் குரல் உடைந்து அழுவது எங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி. மாதா அழுதால் பக்தி, பக்கத்து வாங்கில் இருக்கும் தாய் அழுதால் விசுவாசக் குறைவு என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்? வருடக்கணக்காக என் மனத்தில் கிடக்கும் மனத்தாங்கல் இது. இங்கே கொட்டியதற்கு மன்னிக்கவும்.

இனி மன்னிப்பு. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரே, விசாரணையின்போது காவலன் ஒருவன் தம்மை அறைந்ததும், நான் பேசியதில் பிழை இருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டதாக யோவான் எழுதுகிறார். அவர் திருப்பி அடிக்கவில்லை, ஆனால் காரணம் கேட்டார். நான் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த இடத்தைத்தான். தம்பியைக் கொண்டுபோனவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்று செபிக்க எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றது. இப்போது அதை மனதார இரப்பேன். ஆனால் வழக்கும் விசாரணையும் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவை, நீதி கேட்டு நீதிபதியின் வாசலை விட்டுப் போகாதவள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, சோர்ந்துபோகாமல் செபிப்பதற்கு அவளையே உதாரணமாகக் காட்டினார். திருமறையை அரசியலுக்கு வளைக்கிறேன் என்று சிலர் எழுதக்கூடும். அவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசிக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

"உன் தம்பி எங்கே?" என்ற அதே கேள்வி என்னையும் விடவில்லை என்பதை மறைத்தால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலங்களில் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். எனக்கு அப்போது 22 வயது. நான் வழக்கமாகத் துணி கொடுக்கும் தையற்காரர், குடும்பத்தோடு புறப்படும் அந்த அவசரத்திலும் எங்கள் படலைக்கு வந்து, அரைவாசி தைத்திருந்த என் காற்சட்டையை மடித்துத் தந்து, "தம்பி, முடிக்க நேரமில்லை" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய் நன்மை (திருவிருந்து) வாங்கினேன். ஆறு வருடங்கள் கழித்து, தம்பியைத் தேடி அலைந்த நாட்களில், எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் மீது எனக்கு ஆத்திரம் பொங்கியபோதுதான் அந்தக் காற்சட்டை நினைவுக்கு வந்தது. அதைக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். என் மன்னிப்பு எங்காவது தொடங்கியிருந்தால் அது அங்கேதான்.

அம்மா 2017இல் காலமானார். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழி அகழ்வில் எடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தபோது நானும் போனேன். பிள்ளையின் புத்தகப் பை, விளையாட்டுப் பொம்மை, மண்ணேறிய துணிகள். சேர்ட் ஒவ்வொன்றிலும் நான் தேடியது இரண்டாவது தெறியை. மண் நிறத்தில் நூலின் நிறம் தெரியாது என்று அங்கே குனிந்து பார்க்கும்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் நெற்றியில் திருநீறு பூசிய ஓர் அம்மா, பார்த்து முடித்து வெளியே வந்து, "உங்கட ஆள் இருக்கோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா" என்றேன். "என்ர பிள்ளையும் இல்லை" என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அப்போது செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தக் கையின் பாரமே போதுமாக இருந்தது.

உங்கள் செபம் கேட்கப்படுமா என்றீர்கள். கேட்கப்படுகிறது என்று நம்புகிறேன். நான் மன்னிக்கும்வரை ஆண்டவர் என்னைக் காத்திருக்க வைத்ததாக ஒரு நாளும் உணர்ந்ததில்லை. நம்புவதற்கு அதைவிட என்னிடம் சான்று இல்லை.

அந்த ஆண்டு நவம்பருக்கும் பங்குப் பணிமனையில் தாள் தந்தார்கள். இறந்தோர் தாளில் அம்மாவின் பெயரை எழுதினேன். பிறகு மற்றக் கொப்பியைக் கேட்டு வாங்கி, தம்பியின் பெயரை அதில் எழுதினேன்.