கேளுங்கள் சொல்கிறோம்: "நான் மிலிட்டரி" என்கிறார், நம்பலாமா?

கேள்வி: எனக்கு இது இரண்டாம் திருமணம். கணவர் 1984இல் பிறந்தவர். பன்னிரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தாராம், பாரா கமாண்டோவாம், கார்கிலில் சண்டை போட்டாராம். ஒரு காகிதம்கூட வீட்டில் இல்லை. பென்ஷனும் வரவில்லை. கேட்டால், "ரகசியப் பிரிவு, ரெக்கார்டையெல்லாம் அழித்துவிட்டார்கள்" என்று கத்துகிறார். நான் சந்தேகப்படுவது தப்பா?
- வாசகி, தேனி மாவட்டம்

தப்பே இல்லை, சகோதரி. முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள். கார்கில் சண்டை நடந்தது 1999 மே முதல் ஜூலை வரை. ராணுவத்தில் சேரக் குறைந்தபட்ச வயது பதினேழரை. உங்கள் கணவருக்கு அப்போது 14 அல்லது 15 வயதுதான் இருந்திருக்கும். அவருடைய பிறந்த தேதி சரியானது என்றால் கார்கில் கதை பொய். இதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் கார்கில் பொய் என்பதால் அவர் ராணுவத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது. உண்மையாகவே சேவை செய்தவர்களும் அதன்மேல் கதை சேர்ப்பதுண்டு. பயிற்சியின்போதே திருப்பி அனுப்பப்பட்டவர்கள், உடல்நலக் குறைவாலோ ஒழுங்கு நடவடிக்கையாலோ வெளியேறியவர்கள் வெட்கத்தால் மறைப்பதும் உண்டு. எது உண்மை என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

பென்ஷன் வராததை அவருக்கு எதிராக வைக்காதீர்கள். ஜவான்களுக்குச் சாதாரணமாக 15 வருட சேவை முடிந்தால்தான் பென்ஷன். பன்னிரண்டு வருடத்தில் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தவருக்கு அது கிடையாது. முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடைக்காது. எனவே கேன்டீன் கார்டு இல்லை, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இல்லை என்பதும் எதையும் நிரூபிக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது டிஸ்சார்ஜ் புக், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் கொடுக்கும் புத்தகம். அதில் சர்வீஸ் நம்பர், ரேங்க், டிரேடு (பார்த்த வேலையின் வகை), சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம், நடத்தை மதிப்பீடு, குடும்ப விவரம் எல்லாம் இருக்கும். காரணம் எழுதிய இடத்தையும் குடும்ப விவரத்தையும் நிதானமாகப் படியுங்கள். அவர் சொல்லாமல் விட்ட முதல் மனைவியோ குழந்தையோ தெரியவருவது பெரும்பாலும் அங்கேதான்.

தொலைந்துவிட்டது என்றால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு அவரே தன் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். அதற்கு ஈடான சான்று கிடைக்கும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்.ஈ.ஜி. என்ற பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வாகனங்களையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களாகவே மனுப் போட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கவே வாய்ப்பு அதிகம். விண்ணப்பம் அவர் கையால் போவதுதான் வேலைக்கு ஆகும்.

"ரகசியம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ரகசியமாக இருப்பது அவர் போன இடமும் செய்த வேலையும்தான். அவர் ராணுவத்தில் இருந்தார் என்பது ரகசியமல்ல. பாரா சிறப்புப் படை வீரருக்கும் சர்வீஸ் நம்பர் உண்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் உண்டு, டிஸ்சார்ஜ் புக் உண்டு. ரகசியம் என்பதற்காக ரெக்கார்டை அழிக்கிற வழக்கம் எந்தப் பிரிவிலும் இல்லை.

அவரிடம் பழைய படங்கள் இருந்தால் பாருங்கள். சுதந்திரப் பொன்விழாப் பதக்கம் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது. 2002இல் சேர்ந்தவர் மார்பில் அது இருக்க முடியாது. இப்போதுள்ள டிஜிட்டல் புள்ளி வைத்த போர்ச் சீருடை 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில்தான் அறிமுகமானது. 2012இல் எடுத்தது என்று சொல்லும் படத்தில் அந்தச் சீருடை இருந்தால், துணியும் பதக்கமும் கடையில் வாங்கியவை.

சேவையே பொய் என்று உறுதியானால் வழக்கறிஞரைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 12(1)(சி) பிரிவில், முக்கியமான ஓர் உண்மையில் ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழி அடைபடும். உங்கள் விஷயம் "முக்கியமான உண்மை" ஆகுமா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

கத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அடிப்பது, மிரட்டுவது என்று போனால் காகிதத்தையெல்லாம் விட்டுவிட்டு 181க்கு அழையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு வந்த வரன் "மிலிட்டரி" என்றார்கள். படத்தில் தோளில் சி.ஆர்.பி.எஃப். என்று இருக்கிறது. பொய் சொல்கிறார்களா?
- ஒரு தாய், வேலூர் மாவட்டம்

பொய் என்று சொல்ல மாட்டோம், அம்மா. நம் ஊர்களில் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாரையும் மிலிட்டரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ராணுவத்தின் பென்ஷன் விதி அங்கே அப்படியே பொருந்தாது. ராணுவக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் எம்.ஈ.எஸ்.ஸில் வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியரையும் சிலர் இப்படிச் சொல்வதுண்டு. எந்தப் படை, எந்த வருடம் சேர்ந்தார் என்று நேராகக் கேளுங்கள். 2022க்குப் பின் சேர்ந்த ஜவான் என்றால் அக்னிவீர்தான்: நான்கு வருடம்தான் வேலை, அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. மகளின் வாழ்க்கைக்கு இது பெரிய விஷயம்.

பணியில் இருப்பவரின் அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். பாதுகாப்புக் காரணத்தால் உண்மையான வீரர் தயங்குவார், அது நியாயம். லீவில் வரும்போது லீவு சர்டிபிகேட்டையும் சம்பளச் சீட்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். அவர் ஊரிலுள்ள முன்னாள் ராணுவத்தினரிடம் விசாரியுங்கள். எந்த சென்டரில் பயிற்சி, என்ன டிரேடு என்று அவர்கள் நாலு வார்த்தை பேசினாலே தெரிந்துவிடும். ராணுவத்தவர் என்றால், திருமணத்துக்குப் பிறகு யூனிட்டில் பதிவு செய்து, பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவர மாற்றங்களை யூனிட் பதியும் ஆணை) மகளின் பெயர் வந்ததா என்று பாருங்கள். குடும்ப பென்ஷனும் மிலிட்டரி ஆஸ்பத்திரி சிகிச்சையும் அந்தப் பதிவை வைத்துத்தான்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பழகும் அமெரிக்க ராணுவ டாக்டர், சிரியாவிலிருந்து லீவில் வர 80,000 ரூபாய் கேட்கிறார். அனுப்பலாமா?
- வாசகி, கோவை

அனுப்பாதீர்கள். லீவுக்கும், சாப்பாட்டுக்கும், ஊர் திரும்பவும் காதலியிடம் பணம் வசூலிக்கும் ராணுவம் உலகில் எங்கும் இல்லை. அந்தப் படம் வேறு யாரோ ஒரு வீரருடையதாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இப்போதே 1930க்கு அழைத்து, வங்கிப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. உரையாடலை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு அவைதான் சாட்சி.