திருநெல்வேலியில் பீச் மரம் வளருமா? அதன் இலை, கொட்டை மருந்துக்கு ஆகுமா?

மரம் வளரும், பழம் வராது. கன்றுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சி. 2013-இல் கொடைக்கானல் போனபோது அம்மா ஒரு பீச் பழத்தைத் தின்றுவிட்டு, "இது நம்ம வீட்டுல நின்னா எப்படி இருக்கும்யா" என்றாள். உடனே ஒட்டுக்கன்று வாங்கிவிட்டேன். "எங்க வச்சாலும் காய்க்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தப் பொய் இன்னும் ஆறவில்லை எனக்கு. அம்மா தினமும் அரிசி கழுவின தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள். ஆறு வருஷம். கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலை, கீழே மொட்டைக் குச்சி. ஒரு பூ இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பீச் மொட்டு விழிக்கக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே, பல ரகங்களுக்கு 600 மணி நேரத்துக்கு மேல். குறைந்த குளிர் போதும் என்கிற ரகங்களுக்கே 150, 200 மணி நேரம் ஆகும். நம் ஊரில் மார்கழி ராத்திரியே 22 டிகிரி. குற்றாலத்தில் மங்குஸ்தான் காய்க்கிறதே என்று கேட்பீர்கள். அது மலாய் நாட்டு மரம், வெக்கையும் ஈரமும் கேட்பது. இது வேறு. நான் விவசாயம் படித்தவனில்லை, பலசரக்குக் கடைக்காரன்தான். ஆனால் நம் பக்கத்துச் சமவெளியில் காய்த்தது என்று வருகிறவர்கள் காயோடு படம் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மருந்து விஷயம். பீச்சின் சொந்த ஊர் சீனா. அங்கே பேய் அண்டாமலிருக்க அந்த மரத்துண்டை வாசலில் மாட்டுவார்கள், நாம் வேப்பிலை செருகுவது மாதிரி. கொட்டைக்குள் இருக்கிற பருப்பை அங்கத்து வைத்தியர்கள் அளந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்து நீங்கள் கொட்டையை உடைத்துத் தின்றுவிடாதீர்கள். உள்ளே பாதாம் மாதிரியே இருக்கும், ஆனால் வயிற்றுக்குள் போனால் சயனைடு உண்டாகும். இலையைக் கசக்கினால் வருகிற கசப்பு வாசனையும் அந்தச் சரக்குதான். ஆட்டுக்கும் ஒடித்துப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு நாவல் மரம் நின்றது. யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நாக்கு ஊதாவாகாமல் நாங்கள் வீடு திரும்பியதில்லை. ரோட்டை அகலமாக்க ஒரே காலையில் வெட்டிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கன்றுகூட வைக்கவில்லை. பீச்சுக்கு இடம் இருந்தால் அங்கே நாவல் வையுங்கள்.

பீச் தின்ன ஆசை என்றால் மே மாதம் கொடைக்கானலில் கிடைக்கும். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் வாங்கி வருகிறேன்.