மிளகாய்க்கு ஆஸ்பிரின் அடிக்கலாமா?

கேள்வி: முண்டு மிளகாயில் பாக்டீரியா இலைப்புள்ளி வந்து இலை கொட்டுகிறது. ஆஸ்பிரின் கரைத்து அடித்தால் நிற்கும் என்கிறார்களே? (வாசகர், சாயல்குடி)

பதில்: புள்ளி விழுந்தபிறகு அடித்தால் நிற்காது. ஆஸ்பிரின் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. தண்ணீரில் சிறிது சிறிதாகச் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. கிருமி நுழைந்தால் செடி தானே சுரக்கும் ஹார்மோன் அது. அதன் அளவு ஏறும்போது என்பிஆர்1 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்த் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். நோய் தொடாத இலைகளும் ஆயத்தமாகும். 1979-இல் புகையிலைக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது மொசைக் வைரஸ் புள்ளிகள் குறைந்தன. பேச்சு கிளம்பியது அங்கிருந்துதான்.

அடிப்பதென்றால் நோய்க்கு முன்பே அடிக்க வேண்டும். 10 லிட்டருக்கு 1 கிராம், அதாவது 325 மி.கி. மாத்திரை மூன்று, போதும். கூட்டினால் இலை கருகும். முதலில் நாலைந்து செடியில் அடித்துப் பாருங்கள். குடலில் கரையும் மேலுறை போட்ட மாத்திரை உதவாது.

நம் கடலோரத்தில் இது சறுக்குவது உப்பால். உவர்க் கிணற்று நீரோ வறட்சியோ வாட்டினால் செடி அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனை ஏற்றும். அது இலைத்துளைகளை மூடுவதால் கிருமிக்கும் வாசல் அடைபடும், அதுவரை நல்லதுதான். ஆனால் கிருமி உள்ளே போய்விட்டால், அதே அமிலம் சாலிசிலிக் வழியை அமுக்கிவிடும். உவர்நீர் பாய்ச்சிக்கொண்டே ஆஸ்பிரின் அடிப்பது வீண்செலவு. கண்மாய்த் தண்ணீர் ஒரு தடவை கிடைத்தால் அதுவே பெரிய மருந்து.

இலைப்பேன் இருந்தால் இன்னும் யோசியுங்கள். பூச்சிக்கு எதிராகச் செடி நம்புவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனை. சாலிசிலிக் ஏறினால் பெரும்பாலும் ஜாஸ்மோனிக் இறங்கும், இலைச்சுருட்டல் கூடலாம். இந்தப் பகையைக் கிருமியும் அறியும்! தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா, கொரோனாடின் என்ற போலி ஜாஸ்மோனிக் பொருளைக் கள்ளச்சாவியாக்கி, மூடிய இலைத்துளையைச் சில மணி நேரத்தில் திறந்துவிடும்.

இப்போதைக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் அடியுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது தோட்டத்தில் இறங்காதீர்கள். இந்தச் செடிகளில் விதை எடுக்க வேண்டாம், நோய் விதையோடு வரும்.

கேள்வி: நெல் இலை நுனியிலிருந்து காய்கிறது. உப்பா, பாக்டீரியா கருகலா? (வாசகி, தொண்டி)

பதில்: பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா. அப்படியானால் யூரியா மேலுரத்தை நிறுத்துங்கள். 10 லிட்டருக்கு 2 கிலோ புதுச் சாணம் கரைத்துத் தெளியவைத்து, வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். நெல்லுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். அதன் இலையில் சாலிசிலிக் அமிலம் இயல்பிலேயே மிகுதி.

கேள்வி: சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸைத் தாமிர மருந்தோடு கலக்கலாமா? (வாசகர், உப்பூர்)

பதில்: கூடாது, செத்துப்போகும். அது வேரில் குடியிருந்து செடியின் ஜாஸ்மோனிக், எத்திலீன் தற்காப்பு வழிகளை உசுப்பி வைக்கும் நல்ல பாக்டீரியா. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து நிழலில் உலர்த்தி விதையுங்கள்.