சானிடைசர் போட்டுத் துடைத்தும் ஏன் பரவியது?

கேள்வி: என் 3 வயது மகனுக்குத் தாஸ்காவிலிருந்து (குழந்தைப் பராமரிப்பு மையம்) கை, கால், வாய்ப்புண் நோய் தொற்றிவிட்டது. கிளினிக்கில் காட்டிய நாளிலிருந்து கதவுப் பிடி, மேசை, விளையாட்டுச் சாமான் என்று எல்லாவற்றையும் சானிடைசர் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்படியும் 5 நாளில் 5 வயது மகளுக்கு வாயில் கொப்புளம். வீட்டில் 9 மாதக் கைக்குழந்தை இருக்கிறது, சர்க்கரை நோயுள்ள மாமியாரும் இருக்கிறார். இது அம்மைதான் என்று சொல்லி அவர் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார். நான் எங்கே தவறினேன்? கைக்குழந்தைக்கு வராமல் தடுக்க வழி உண்டா?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: துடைப்பதில் நீங்கள் குறை வைக்கவில்லை. இந்தக் கிருமியிடம் சானிடைசர் எடுபடாது, அதுதான் சிக்கல்.

சளிக்காய்ச்சல் வைரசுக்கும் கோவிட் வைரசுக்கும் வெளியே ஒரு கொழுப்புறை உண்டு. 60 முதல் 80 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சானிடைசர் அந்த உறையைக் கரைத்துவிடும், வைரஸ் செயலிழந்துபோகும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது எண்டெரோவைரஸ் குடும்பம்: காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, எண்டெரோவைரஸ் ஏ71 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்குக் கொழுப்புறையே கிடையாது. கெட்டியான புரத ஓடு மட்டும்தான். ஆல்கஹாலுக்குக் கரைக்க அங்கே ஒன்றுமில்லை. ஈரத் துடைப்பான்களிலும், குளிக்கும் தண்ணீரில் கலக்கும் பழுப்பு நிறக் கிருமிநாசினியிலும் பெரும்பாலும் இதே குறைதான். பாக்டீரியாவுக்கு அவை சரி, இந்த ஓட்டுக்குப் போதாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 3 முதல் 6 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு முன்பே மகன் கிருமியை வெளியேற்றத் தொடங்கியிருப்பான். அக்காவுக்குத் தொற்றியது நீங்கள் துணியைக் கையில் எடுப்பதற்கு முன்பாகக்கூட இருக்கலாம். இப்போது பார்க்க வேண்டியது கைக்குழந்தையை.

கிருமி வெளியே வரும் வழிகள் நான்கு: எச்சில், மூக்குச்சளி, கொப்புள நீர், மலம். கொப்புளம் காய்ந்து பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பிறகும் தொண்டையில் ஓரிரு வாரமும், மலத்தில் பல வாரங்களும் கிருமி வந்துகொண்டே இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். புண் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கழிவறைச் சுத்தத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். குறைந்தது 6 முதல் 8 வாரம் வரை பிடியை விடாதீர்கள்.

மேசையில் இருக்கும் கிருமி தானாக நடந்து குழந்தையின் வாய்க்குப் போகாது. கைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் வீடுகளில் அந்தக் கை பெரும்பாலும் சோறு ஊட்டும் கை. ஒரே தட்டில் பருப்புச் சாதம் பிசைந்து மூன்று பிள்ளைகளுக்கும் மாறி மாறி உருண்டை கொடுப்பது நமக்குப் பழக்கம். மகனின் உதட்டில் பட்ட விரல் அடுத்த நொடி கைக்குழந்தையின் நாக்கில் படுகிறது. நாள் முழுக்கக் கதவுப் பிடியைத் துடைத்தாலும் இந்த ஒரு பழக்கம் அத்தனையையும் வீணாக்கிவிடும். இப்போதைக்குத் தட்டு, கரண்டி, டம்ளர் மூவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு மற்ற இருவருக்கும் ஊட்டுங்கள். சூடு பார்க்கக் குழந்தையின் கரண்டியை நாம் வாயில் வைப்பது, கீழே விழுந்த சூப்பானை நாம் சப்பிக் கொடுப்பது, மகனின் நெற்றியில் திருநீறு இட்ட விரலாலேயே குழந்தைக்கும் இடுவது, இவற்றையும் நிறுத்துங்கள். சுவாமி அறைக்குப் போகும் முன்பு ஒருமுறை கை கழுவினால் திருநீறு இடுவதில் தடையில்லை.

சோப்பு இந்த வைரசைக் கொல்வதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்த்துக் கழற்றிவிடுகிறது, ஓடும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. அதனால் குவளைத் தண்ணீரில் கையை அலசுவது போதாது, குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். நுரை வந்த பிறகு 20 விநாடி தேயுங்கள். பெருவிரல், விரலிடுக்கு, நகக்கண் மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அதையும் நுரையால் தேய்த்து அலசிக் காய விடுங்கள், ஈரம் காயாத கயிறு அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும். அழுக்குக் கையால் திறந்த குழாயைக் கழுவிய கையால் மூடினால் பட்ட பாடு போச்சு, ஆகவே குழாய்ப் பிடிக்கும் கொஞ்சம் நுரை போடுங்கள். துடைக்கும் துண்டு ஆளுக்கொன்று. பெம்பஸ் மாற்றிய பிறகு, மூக்கைத் துடைத்துவிட்ட பிறகு, மகனைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு, சமைக்கும் முன், ஊட்டும் முன் என இந்த ஐந்து நேரத்தில் தவறாமல் கழுவினால் போதும். நாளெல்லாம் கழுவித் தோலை வெடிக்க விடாதீர்கள். வெடித்த கையைக் கழுவ யாருக்கும் மனம் வராது.

நம் ஊர்க் கழிவறையில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் தண்ணீர்ப் பீய்ச்சிக் குழாயின் கைப்பிடி. மகனைக் கழுவிவிடும் கை முதலில் அதைத்தான் பிடிக்கிறது, கடைசியிலும் அதைத்தான். ஃபிளஷ் பொத்தான், உள்தாழ்ப்பாள், வாளியின் பிடி எல்லாம் இதற்குப் பின்னால்தான். அவனை அந்தக் குழாயால் அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவாதீர்கள், சுற்றிலும் தெறிக்கும். மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். மூடியைப் போட்டபின் ஃபிளஷ் செய்யுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பேசினில் மகனைக் கழுவ வேண்டாம். சமையலறை சிங்க்கில் யாரையும் கழுவ வேண்டாம்.

இனி குளோராக்ஸ் விஷயம். இந்தக் கிருமிக்கு வீட்டில் கிடைக்கும் சரியான ஆயுதம் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த சாதாரண வெள்ளை ப்ளீச். போத்தலைத் திருப்பி அளவைப் படியுங்கள். 5.25 விழுக்காடு என்றிருந்தால் 20 மில்லி ப்ளீச்சுக்கு 1 லிட்டர் குழாய்த் தண்ணீர். ஏறத்தாழ 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு) வலிமை வரும், பொதுவான துடைப்புக்கு அது போதும். 2.5 விழுக்காடுதான் என்றால் 40 மில்லி ஊற்றுங்கள். துணியின் நிறம் போகாது என்று எழுதியிருக்கும் ப்ளீச்சில் வேறு இரசாயனம் இருக்கும், இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. அளக்க 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை மருந்தகத்தில் வாங்கி, ‘ப்ளீச்’ என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். காய்ச்சல் மருந்துக் கிண்ணத்தை இதற்கு எடுக்காதீர்கள். வெந்நீர் கூடாது, குளோரின் ஆவியாகி வீரியம் போய்விடும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள், மிஞ்சியதை இரவில் கொட்டிவிடுங்கள். வெயில் அடிக்கும் பால்கனியில் மாதக்கணக்கில் கிடந்த போத்தலை நம்ப வேண்டாம், நம் வெப்பத்தில் அது நாளுக்கு நாள் நீர்த்துப்போகும்.

வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு இதைவிடக் காரமான கரைசல் வேண்டும்: 5.25 விழுக்காடு ப்ளீச் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி. முதலில் டிஷ்யூவால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள், சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், அதன் பிறகுதான் ப்ளீச். இந்த வரிசை மாறக்கூடாது. அசுத்தத்தின் மேல் நேராக ஊற்றினால் குளோரின் அந்த அசுத்தத்தோடேயே வினைபுரிந்து தீர்ந்துபோகும், வைரசுக்கு மிச்சம் இருக்காது. மேசை, தரை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: சோப்பு, பிறகு ப்ளீச்.

அடுத்தது நேரம். கரைசல் பட்ட இடம் 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். துடைத்த கையோடு காய்ந்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மின்விசிறி ஓடும் அறையில் ஒரு மெல்லிய துடைப்பு சீக்கிரமே காய்ந்துவிடும். விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரைசலில் நனைத்த துணியைப் பிழியாமல் கதவுப் பிடியைச் சுற்றிப் போட்டு வைத்தால் வேலை எளிது. 10 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். ப்ளீச் எவர்சில்வரை அரிக்கும், பித்தளை விளக்கைக் கறுக்க வைக்கும்.

உயிரோடு விளையாடும் தவறுகள் மூன்று. ப்ளீச்சோடு கழிவறை அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆபத்துதான். கலந்த கரைசலை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது, பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அதை ஸ்ப்ரேயாக அறை முழுக்க அடிப்பதும், பிள்ளையின் உடம்பில் தடவுவதும் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் வேறு அறையில் இருக்கும்போது செய்யுங்கள்.

வாயில் வைக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோப்பால் கழுவி, 1,000 பிபிஎம் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிக் காய வையுங்கள். பால் போத்தல், சூப்பான் ஆகியவற்றைக் கழுவியபின் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டால் போதும், சூட்டில் இந்த வைரஸ் நிற்காது. துணிப் பொம்மையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் துவையுங்கள். வீட்டு மெஷினில் அது இல்லையென்றால் கீழே இருக்கும் சுயசேவை தோபியில் (சலவைக் கடையில்) வெந்நீர்த் துவைப்பைத் தேர்ந்தெடுத்து, சூடான உலர்த்தியில் போடுங்கள். சுவர், திரைச்சீலை, கடையிலிருந்து வந்த பொட்டலம் எல்லாம் துடைக்கத் தேவையில்லை. கை அடிக்கடி படும் இடங்களை நாளுக்கு இரண்டு முறை ஒழுங்காகச் செய்தால் போதும்.

மாமியார் அம்மை என்று நினைப்பதில் வியப்பில்லை, இரண்டிலும் கொப்புளம் வரும். நீர்க்கொளுவான் அம்மையில் கொப்புளங்கள் மார்பு, வயிறு, முகத்தில் அதிகம் தோன்றும், அரிக்கும். உங்கள் மகனுக்கு வந்திருக்கும் நோயிலோ உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், பிட்டத்தில் வரும். வாசலில் வேப்பிலை இருப்பதால் கெடுதல் இல்லை, இருக்கட்டும். ஆனால் மகனைத் துடைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரிலேயே கைக்குழந்தையையும் துடைக்க வேண்டாம், அது கிருமியைப் பகிர்ந்து கொடுப்பதாகிவிடும். பெரியவர்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் தெரியாமலே வந்துபோகும். அப்படி வந்துபோகும் வேளையிலும் அவர்கள் மூலம் பரவலாம். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு மாமியாரைக் கைக்குழந்தைக்கு மட்டும் பொறுப்பாக்கி, நோயுள்ள இருவரையும் நீங்களோ கணவரோ பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டியின் அன்பும் குறையாது, கைகளும் கலக்காது.

சானிடைசரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சளிக்காய்ச்சல், கோவிட் காலத்தில் எல்ஆர்டி ரயிலிலும் லிஃப்டிலும் அது நல்ல துணை. அந்த நோய்கள் காற்று வழியாகத்தான் அதிகம் பரவும், பரப்புகள் வழியாகக் குறைவு. அங்கே முகக்கவசமும் திறந்த ஜன்னலும் ப்ளீச்சைவிட முக்கியம். வாந்தி, பேதி தரும் நோரோவைரசுக்கு மேலே சொன்ன சோப்பு, ப்ளீச் முறைதான் வேண்டும்.

நோய் தொடங்கிய நாளிலிருந்து 10 நாள் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகும் கொப்புளம் காயாமல் தாஸ்காவுக்கோ பாலர்பள்ளிக்கோ அனுப்ப வேண்டாம். பேரங்காடியின் விளையாட்டுப் பகுதியும் கொண்டோ நீச்சல் குளமும்கூட இப்போது வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி இது மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தாஸ்காவுக்கு நீங்களும் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று மறைத்தால் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்குப் போகும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றும் எண்ண வேண்டாம், வேறு வகை வைரஸ் வந்தால் திரும்ப வரும்.

இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் பலன் தராது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் 4 தடவைக்கு மேல் இல்லை. இங்கே சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வலிமையில் விற்கிறது. 14 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் 8.5 மில்லி, இரண்டாவதில் 4 மில்லி. மாற்றிக் கொடுத்தால் மருந்தளவு இரட்டிப்பாகிவிடும், போத்தலைப் பார்த்து ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கூடாது. வாய்ப்புண் ஜெல்லை மருந்தாளரிடம் கேட்காமல் தடவாதீர்கள், சிலவற்றில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட் இருக்கும். ஆறிய பார்லி தண்ணீர், குளிர்ந்த தயிர், ஐஸ்கிரீம் இதமாக இருக்கும். ரசமும் ஆரஞ்சுச் சாறும் எரியும். சில வாரம் கழித்து நகம் கழன்று விழுந்தால் பயப்படாதீர்கள், புது நகம் முளைக்கும்.

1997இல் சரவாக்கில் எண்டெரோவைரஸ் ஏ71 பரவியபோது சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அதனால்தான் இந்த நோயில் சில அறிகுறிகளைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கச் சொல்வதில்லை. 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல் 2 நாள் தாண்டுவது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத மந்தம், மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, கைகால் தளர்வது, 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, தூக்கத்தில் திரும்பத் திரும்பத் தூக்கிவாரிப் போடுவது. இவற்றில் ஒன்று கண்டாலும், குறிப்பாகக் கைக்குழந்தையிடம் கண்டால், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். செந்தூலிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனையும் அதையொட்டிய துங்கு அஜிஸா மருத்துவமனையும் பக்கம்தான். ஆம்புலன்சுக்கு 999. தூக்கிவாரிப் போடுவதை முடிந்தால் கைப்பேசியில் சில விநாடி வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் அது நின்றிருக்கலாம், படம் கையில் இருந்தால் அவருக்கு உடனே விளங்கும்.