வாங்கும் முன் கேளுங்கள்: மீன் தொட்டியில் மேண்டிஸ் இறால்

கேள்வி: வணக்கம் ஐயா. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம் (எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்). வேலைக்குப் போகும் என் மகன், வண்ண வண்ணமாக இருக்கும் மயில் மேண்டிஸ் இறால் ஒன்றை வளர்க்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைக்காரர் 150 வெள்ளி சொல்கிறாராம். கப்பி மீன் வளர்த்த இரண்டடித் தொட்டியே போதும், உப்பு மட்டும் வாங்கிப் போட்டால் சரி என்றும் சொல்லியிருக்கிறார். அது கண்ணாடியை உடைத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். சம்பளம் வந்ததும் வாங்கிவிடுவான் போலிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இந்தச் சம்பளத்தில் இறாலை வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள் அம்மா. ஆசைப்படட்டும், தப்பில்லை. ஆனால் இந்த மாதம் தொட்டி, இறால் அடுத்த மாதக் கடைசியில்தான். இரண்டையும் ஒரே நாளில் விற்கிற கடைக்காரர் உங்களுக்கு நல்லது நினைக்கவில்லை.

காரணம் இது. இறாலின் கழிவிலிருந்து தண்ணீரில் அம்மோனியா சேரும். அது கொடிய நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உப்புத் தண்ணீர் நிரப்பி, கல் வைத்து, பம்ப்பை ஓடவிட்டு, பசாரில் வாங்கிய இறால் துண்டு ஒன்றை உள்ளே போட்டு அழுகவிடலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால் தொட்டி தயார். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது தண்ணீரில் இவற்றை அளக்கும் சோதனைப் பெட்டி. கடைக்காரர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, பார்த்தீர்களா?

இரண்டடித் தொட்டிக்கு வருவோம். 60 x 30 x 30 செண்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 54 லிட்டர். விரல் நீளத்தோடு நின்றுவிடும் சிறிய வகைகளுக்கு அது போதும். மயில் மேண்டிஸ் 17, 18 செண்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அதற்கு 150 லிட்டராவது வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று கேட்டால் சுமார் 180 லிட்டர் வரும். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும் என்பதால் டிவி மேசையில் வைத்துவிடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு, கீழே சமமான சிமெண்டுத் தரை. பழைய லயத்து வீட்டில் பலகைத் தரை என்றால் அந்த இடமே வேண்டாம்.

கண்ணாடி உடையுமா? இந்த வகை இறாலுக்கு முன்னால் சுத்தியல் போன்ற இரண்டு கைகள் உண்டு. நத்தை, நண்டு ஓடுகளை அதனால் அடித்து உடைத்துத்தான் சாப்பிடும். அடி விழும் வேகம் நொடிக்கு 23 மீட்டர் என்று 2004-இல் அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உருவாகி வெடிக்கும், அந்த அதிர்ச்சி இரண்டாவது அடி மாதிரி. 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் காட்சியகத்தில் இப்படி ஓர் இறால் கண்ணாடியை உடைத்ததாகச் செய்தி வந்தது. அதிலிருந்துதான் இந்தப் பயம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் அபூர்வம். வளை தோண்டும்போது அடிக்கண்ணாடியில்தான் அடி அதிகம் விழும். மணலுக்குக் கீழே ஓர் அக்ரிலிக் தகடு போட்டுவிடுங்கள். தொட்டியே அக்ரிலிக்கில் வாங்கலாம், விலை கூடும், கீறலும் விழும். கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட வேண்டாம், அதை உடைத்துவிடும்.

உங்கள் ஊரில் இறாலைக் கொல்லப் போவது வெயில். அதற்கு 28 பாகைக்குள் தண்ணீர் வேண்டும், 25, 26 என்றால் இன்னும் நல்லது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். தண்ணீர்ப் பரப்பில் ஒரு சின்னக் காற்றாடியை வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். செலவும் குறைவு. ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது.

காற்றாடி போதாவிட்டால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி. வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 200 வாட் சில்லர் ஒரு நாளில் 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். உங்கள் மின்கட்டண பில்லில் யூனிட் விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து முகம் சுருங்கினால், சிறிய வகை ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்துக் காற்றாடியோடு முடித்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் பேசிப் பாருங்கள்.

அப்புறம் இடி மின்னல். மாலையில் ஒரு இடி இடித்தால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடுகிற வீடுகள் நம் பக்கம் ஏராளம். பம்ப் நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். பிளக், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் சிரிம் தரச்சான்று முத்திரையோடு இருக்கட்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். 150 லிட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் ஆகும். பிறகு ஒவ்வொரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றும்போதும் ஒரு கிலோ. கோலசிலாங்கூரில் போய்க் கடல் தண்ணீரை அள்ளி வந்தால் உப்புக் காசு மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே கரையோரம் முழுக்கச் சேறு, வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மருந்து போட்டுப் போக்கலாம். கடைவாசலில் இருக்கும் ஆர்ஓ தண்ணீர் மெஷினில் பிடித்து வருவது இன்னும் நல்லது. மெஷின் ஒழுங்காக வடிகட்டுகிறதா என்று, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் பேனாவால் பார்த்துவிடலாம். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

ஒளிவதற்கு அதன் உடலை விட நீளமாக ஒரு பிவிசி குழாய், மேலே கல், மங்கலான விளக்கு. பளிச்சென்ற விளக்கு அதற்கு ஆகாது. கூட வேறு மீன் விட்டால் சாப்பாட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தீனிக்குப் பசாரில் கிடைக்கும் இறால், நண்டு, கெராங் (சிப்பி) போதும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. ஓட்டோடு கொடுத்தால் உடைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கலாம், அதற்காகத்தானே வாங்குகிறான். இடுக்கியால் கொடுக்கச் சொல்லுங்கள். விரலால் வேண்டாம்.

சில சமயம் வளை வாயை அடைத்துக்கொண்டு பல நாள் வெளியே வராது. தோல் உரிக்கிறது என்று பொருள். செத்துவிட்டதென்று கல்லைப் புரட்டிக் கொன்றவர்கள் உண்டு.

கடையில் வாங்கும்போது தம்பி நான்கு விஷயம் பார்க்கட்டும். இரண்டு சுத்தியலும் இருக்கிறதா? ஓட்டில் கருப்பாக அரித்த குழிகள் உண்டா? கண்களைத் தனித்தனியாகச் சுழற்றி ஆளைப் பார்க்கிறதா? கடைக்காரர் தம்பியின் கண் முன்னால் தீனி போட்டால் எடுக்கிறதா? தீனி போட்டுக் காட்ட மறுத்தால் நடையைக் கட்டலாம்.

கேள்வி: பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவுக் கடைகளில் உயிரோடு ஊடாங் லிப்பான் விற்கிறார்கள். அதையே வாங்கித் தொட்டியில் விட்டால் என்ன? இதுவும் மேண்டிஸ் இறால்தானே?

பதில்: குடும்பம் பெரிது, இது வேறு கிளை. அங்கே விற்பது பெரும்பாலும் ஈட்டி வகை. சேற்றில் ஆழமாக வளை தோண்டி ஒளிந்திருந்து, மேலே போகும் மீனைக் குத்திப் பிடிக்கும். சில இனங்கள் 30 செண்டிமீட்டரைத் தாண்டும். உடல் முழுக்க மறையும் அளவுக்கு மணல் ஆழம் வேண்டும். வலையில் அடிபட்டு, கடையில் நெருக்கடியில் கிடந்து வருவதால் பாதி உயிரோடுதான் வீட்டுக்கு வந்து சேரும். அதற்குச் சரியான இடம் சட்டிதான். பூண்டும் மிளகும் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: இணையத்தில் மயில் மேண்டிஸ் வாங்கினேன். பையில் செத்தே வந்தது. ‘உயிருள்ளவற்றுக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம்’ என்கிறார் விற்றவர். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள்’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே விலங்குகள், மீன் உட்பட, சேர்க்கப்பட்டுள்ளன. பணம் திரும்பத் தரமாட்டோம் என்று எழுதி வைத்துவிட்டதால் சட்டம் தரும் உரிமை போய்விடாது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். அவர் அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் இரண்டு விஷயம். விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு வளர்த்த தன் இறாலைக் கைமாற்றிய ஒருவர் என்றால் இந்த வழி உதவாது. அடுத்தது, ஆதாரம். பார்சலைப் பிரிக்கும் முன்பே வீடியோ ஓடட்டும், பை கட்டியபடியே படம் எடுங்கள். தொட்டியில் விட்டு மூன்றாம் நாள் செத்தது என்றால், உங்கள் தண்ணீர்தான் கெட்டது என்று அவர் சொல்வார். அப்போது கையில் சோதனைக் கணக்கு இல்லாவிட்டால் வாதாடுவது கஷ்டம்.

கேள்வி: பழைய மூன்றடித் தொட்டி மலிவாகக் கிடைக்கிறது. கல், மணல் எல்லாம் இலவசம் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: தொட்டியை எடுக்கலாம். முதலில் அவர் வீட்டு முற்றத்திலேயே நிரப்பி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து எப்போதாவது போட்டாரா என்று கேளுங்கள். செம்பு கல்லிலும் மணலிலும் ஊறிக் கிடந்து பிறகு கசியும், இறால் இனத்துக்கு அது விஷம். போட்டேன் என்றாலும், ஞாபகமில்லை என்றாலும், அந்த இலவசக் கல்லையும் மணலையும் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.